லாரிக் கணக்கும் காஸாவின் பசியும்

காலை நடையில் நான் அடிக்கடி சந்திக்கும் நண்பர் ஒருவர் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர். நாளிதழை முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை வரிவிடாமல் படிப்பவர், கணக்கில் கெட்டிக்காரர். அண்மையில் ஒருநாள் நடையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “காஸாவுக்குள்ள தினம் அறுநூறு லாரி போகணும்னு ஒப்பந்தம் போட்டிருக்காங்க. போகுதுன்னும் செய்தி வருது. அப்புறமும் அங்க ஏன் சார் பட்டினி?”

அவருடைய கேள்வியில் குதர்க்கம் எதுவும் இல்லை. தம் ஓய்வூதியத்திலிருந்து ஒரு தொகையை நிவாரண நிதிக்கு அனுப்பியவர் அவர். கொடுத்த காசு என்னவாயிற்று என்று கேட்பது வங்கியில் இருந்தவருக்கு இயல்பு. நின்ற இடத்தில் எனக்குத் திருத்தமான பதில் வரவில்லை. நானும் இந்த இரண்டாண்டுகளில் லாரிகளின் எண்ணிக்கையை வைத்தே நிலைமையை அளந்துகொண்டிருந்தவன்தான். எண்ணிக்கை கூடினால் நிம்மதி, குறைந்தால் கவலை. அந்த அளவுகோலே கோணலானது என்பதை, அவருக்குப் பதில் சொல்லத் தகவல்களைத் தேடிப் படித்தபோதுதான் முழுமையாக உணர்ந்தேன். இக்கட்டுரை அவருக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில்.

காஸா என்பது மத்தியதரைக் கடலோரம் சுமார் 41 கிலோமீட்டர் நீளத்தில் கிடக்கும் ஒரு நிலத்துண்டு. மொத்தப் பரப்பு 365 சதுர கிலோமீட்டர். அதற்குள் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். அவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் 1948ஆம் ஆண்டு தங்கள் ஊர்களை இழந்து வந்தவர்களும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் ஆவர். 2007இல் ஹமாஸ் இயக்கம் அங்கு ஆட்சியைக் கைப்பற்றியதிலிருந்து இஸ்ரேலும் எகிப்தும் எல்லைகளை இறுக்கிவைத்திருந்தன. போருக்கு முந்தைய நாள்களிலேயே அம்மக்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு வகையில் உதவியைச் சார்ந்துதான் வாழ்ந்தார்கள்.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸும் பிற ஆயுதக் குழுக்களும் இஸ்ரேலுக்குள் புகுந்து நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். 251 பேர் பணயக்கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். இரண்டு நாள் கழித்து, அன்றைய இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சர் யோவாவ் காலன்ட் காஸாவை முழுமையாக முற்றுகையிடுவதாக அறிவித்தார்: மின்சாரம் இல்லை, உணவு இல்லை, எரிபொருள் இல்லை. அக்டோபர் 11இல் காஸாவின் ஒரே மின்நிலையம் எரிபொருள் தீர்ந்து நின்றது. முதல் நிவாரண அணி ரஃபா எல்லை வழியாக உள்ளே போனது அக்டோபர் 21இல். அதில் இருந்தவை இருபது லாரிகள். அதன்பின் இரண்டாண்டுப் போரில் கொல்லப்பட்டோர் எண்ணிக்கை, காஸா சுகாதார அமைச்சகத்தின் கணக்குப்படி, 2025 நவம்பர் இறுதியில் 70,000ஐத் தாண்டியது. அந்த அமைச்சகம் போராளிகளையும் பொதுமக்களையும் தனித்தனியே பிரித்துச் சொல்வதில்லை. ஆனால் இறந்தோரில் பெரும்பகுதியினர் பெண்களும் சிறுவர்களும் முதியோரும் என்பதை அதன் பட்டியல்களே காட்டுகின்றன.

இனி லாரிக்கு வருவோம்.

போருக்கு முன் வேலைநாளொன்றுக்குச் சராசரியாக 500 லாரிகள் காஸாவுக்குள் சென்றுவந்தன. இந்த எண்தான் பின்னாளில் எல்லோர் வாயிலும் ஓர் இலக்காக மாறியது. ஆனால் அந்த 500 லாரிகள் போய்ச் சேர்ந்த காஸாவில் வயல்கள் இருந்தன. பெய்த் லாஹியாவின் ஸ்ட்ராபெரி தோட்டங்கள் இருந்தன. மீன்பிடிப் படகுகளும் கோழிப் பண்ணைகளும் இருந்தன. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் ஓடின. வங்கி, சந்தை, பேக்கரி, குளிர்பதனக் கிடங்கு எல்லாம் இருந்தன. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து 2025 ஆகஸ்டில் சொன்னது இது: சேதமடையாமலும் சென்றடையக்கூடியதாகவும் எஞ்சிய விளைநிலம் 1.5 விழுக்காடு மட்டுமே. ஆக, எல்லாம் இருந்த ஊருக்குப் போன 500 லாரியையும், எதுவும் இல்லாத ஊருக்குப் போகும் 500 லாரியையும் ஒரே தட்டில் நிறுக்க முடியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. காஸா மக்கள் அனைவருக்கும் அடிப்படை உணவு கொடுக்க மாதம் 62,000 டன்னுக்கும் மேல் தேவை என்கிறது உலக உணவுத் திட்டம். ஒரு லாரிக்கு 20 டன் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு ஏறக்குறைய நூறு லாரி. என் வங்கி நண்பர் இந்த இடத்தில் உடனே நிமிர்ந்து உட்கார்வார்: “நூறு போதுமே!” மாவும் பருப்பும் எண்ணெயும் வயிற்றுக்குள் போக மட்டும்தான் நூறு. அவற்றைச் சமைக்க எரிவாயு வேண்டும்; தண்ணீரைச் சுத்திகரிக்க டீசல் வேண்டும்; நோயாளிக்கு மருந்து, கூடாரத்துக்குத் தார்ப்பாய், குழந்தைக்குப் பால்மாவு, காய்கறி, முட்டை, சோப்பு, கழிவுநீர்க் குழாய் என ஒரு நகரம் உயிர்வாழத் தேவையான யாவும் அந்த லாரிகளில்தான் வந்தாக வேண்டும். சமையல் எரிவாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 மார்ச்சில் நின்ற அதன் வரத்து, அக்டோபர் போர்நிறுத்தத்துக்குப் பிறகுதான் மீண்டும் தொடங்கியது. அந்த ஏழு மாதங்களில் கிடைத்த மாவை ரொட்டியாக்க மரச்சாமான்களையும் குப்பையில் கிடந்த பிளாஸ்டிக்கையும் எரித்தார்கள்.

ஒரு மாவு மூட்டையின் பயணம்

ஒரு 25 கிலோ கோதுமை மாவு மூட்டையைப் பின்தொடர்ந்து பார்த்தால் விஷயம் விளங்கும். அது எகிப்தின் எல் அரிஷ் நகரக் கிடங்கில் இருக்கிறது என்று கொள்வோம். (2023 அக்டோபர் 22 அன்று இந்திய விமானப்படையின் விமானம் 6.5 டன் மருத்துவப் பொருள்களையும் 32 டன் பேரிடர் நிவாரணப் பொருள்களையும் கொண்டு சேர்த்ததும் இந்த எல் அரிஷில்தான்.) அங்கிருந்து காஸா எல்லை ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஒரு மணி நேரப் பயணம். நடைமுறையில் அது பல நாள்கள். சில வேளைகளில் பல வாரங்கள்.

முதலில் பொருள்களின் பட்டியலுக்கு இஸ்ரேல் ராணுவத்தின் ஒருங்கிணைப்பு அமைப்பு ஒப்புதல் தர வேண்டும். பிறகு சோதனை. மாவுக்குப் பெரும்பாலும் சிக்கல் இல்லை. ஆனால் பொதுப் பயன்பாட்டுக்கும் ராணுவப் பயன்பாட்டுக்கும் உரியவை என்று இஸ்ரேல் கருதும் பொருள்களின் வரம்பு மிக அகன்றது. 2024 ஜனவரியில் ரஃபா எல்லைக்குச் சென்ற அமெரிக்க செனட்டர்கள் கிறிஸ் வான் ஹோலனும் ஜெஃப் மெர்க்லியும், திருப்பி அனுப்பப்பட்ட பொருள்கள் குவிந்துகிடந்த கிடங்கைப் பார்த்துவிட்டு வந்து அதைப் பற்றிப் பேசினார்கள். ஆக்ஸிஜன் உருளைகளும் தண்ணீர்ச் சுத்திகரிப்புக் கருவிகளும் கூடாரங்களும் அங்கே இருந்தன. விலக்கப்பட்ட ஒரு பொருள் இருந்தால் அந்த லாரி முழுவதும் திரும்ப நேரும் என்பதுதான் ஓட்டுநர்களும் நிவாரணப் பணியாளர்களும் சொன்ன பெரிய குறை.

சோதனை முடிந்த லாரி நேரே உள்ளே போய்விடுவதில்லை. கெரம் ஷாலோம் எல்லையில் வெளியிலிருந்து வந்த லாரி சரக்கை இறக்கிவைக்கும். உள்ளிருந்து வேறொரு லாரி வந்து அதை ஏற்றிக்கொள்ள வேண்டும். “இன்று இத்தனை லாரிகள் சென்றன” என்று ஒரு தரப்பு சொல்வதும், “இத்தனைதான் வந்தன” என்று மறுதரப்பு சொல்வதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன. ஒருவர் எல்லையில் இறக்கியதை எண்ணுகிறார். மற்றவர் எல்லையிலிருந்து எடுத்ததை எண்ணுகிறார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்க, நடுவே மூட்டை வெயிலில் கிடக்கும். உள்ளே வரும் லாரி புறப்பட ராணுவத்தின் அனுமதி வேண்டும்; செல்லும் பாதைக்கு அனுமதி வேண்டும்; டீசல் வேண்டும்; ஓட்டுநர்களின் பெயர்கள் முன்கூட்டியே ஏற்கப்பட்டிருக்க வேண்டும். அனுமதி பிற்பகலில் கிடைத்தால் இருட்டுவதற்குள் ஊர்போய்ச் சேர முடியாது.

பாதையிலும் பாதுகாப்பில்லை. 2024 நவம்பர் 16 அன்று ஐ.நா. அமைப்புகளின் 109 லாரிகள் கெரம் ஷாலோமிலிருந்து புறப்பட்டன. வழக்கமில்லாத ஒரு பாதையில், திட்டமிட்டதற்கு ஒரு நாள் முன்னதாகவே புறப்படுமாறு அவற்றுக்கு உத்தரவு. ஆயுதம் தாங்கிய கும்பல்கள் அவற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றைக் கொள்ளையடித்தன. காவல்துறையினரே தாக்குதலுக்கு இலக்கானதால் வண்டிகளுக்குத் துணைவர ஆளில்லாமல் போயிருந்தது. பஞ்சம் முற்றிய 2025 கோடையில் கொள்ளையர்களைத் தவிரப் பசித்த பொதுமக்களே பெருந்திரளாக லாரிகளை மறித்துச் சரக்கை எடுத்துக்கொண்டார்கள். இன்று கிடைக்காவிட்டால் நாளை வரும் என்ற நம்பிக்கை இருக்குமானால், எவரும் ஓடும் லாரியின் மேல் ஏறமாட்டார். அந்த நம்பிக்கை அற்றுப்போயிருந்தது.

உதவிப் பொருள்களை ஹமாஸ் கைப்பற்றிக்கொள்கிறது என்பது இஸ்ரேல் தொடர்ந்து வைக்கும் வாதம். ஹமாஸ் தன் மக்களின் நலனைக் காட்டிலும் தன் போரை முன்னிறுத்திய இயக்கம் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆயினும் அமெரிக்க அரசின் யு.எஸ்.எய்ட் நிறுவனம் செய்த உள் ஆய்வு, அமெரிக்க நிதியில் வந்த பொருள்களை ஹமாஸ் திட்டமிட்டுப் பெருமளவில் திருடியதற்குச் சான்று இல்லை என்று கண்டதாக 2025 ஜூலையில் செய்தி வெளியானது. திருட்டு நடக்கவே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. திருட்டைக் காரணம் காட்டி எல்லோருக்குமான உணவை நிறுத்துவதற்கு அது போதுமானதா என்பதே கேள்வி.

எல்லாம் கடந்து அந்த மூட்டை ஒரு குடும்பத்தைச் சேர்ந்துவிட்டது என்றே வைப்போம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி என்பது நிவாரணத் திட்டமிடலின் பொது அளவு. வேறெதுவும் இல்லாமல் மாவை மட்டுமே தின்று வாழ்வதென்றால், ஆறு பேர் உள்ள வீட்டுக்கு அந்த மூட்டை ஒரு வாரம் வரும். எட்டாம் நாள் இன்னொரு மூட்டை வேண்டும்.

நிலத்து வழி அடைபட்டபோது உலகம் வானத்தையும் கடலையும் முயன்று பார்த்தது. 2024 மார்ச் 8 அன்று வானிலிருந்து போட்ட பெட்டி ஒன்றின் பாராசூட் விரியாமல் விழுந்து ஐந்து பேர் இறந்தனர். விமானத்தில் போடுவது லாரியில் அனுப்புவதைவிடக் குறைந்தது நூறு மடங்கு செலவு பிடிக்கும், லாரியில் பாதியளவே கொண்டுசெல்லவும் முடியும் என்றார் பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. நிவாரண முகமையின் தலைவர் பிலிப் லாசரினி. அமெரிக்கா ஏறத்தாழ 23 கோடி டாலரில் கட்டிய மிதவைத் துறைமுகம் 2024 மே மாதம் திறந்தது. அலையில் உடைந்து, பழுதுபார்த்து, மறுபடி அகற்றி, ஜூலையில் கைவிடப்பட்டது. அது உருப்படியாக இயங்கிய நாள்கள் சுமார் இருபது. சில கிலோமீட்டரில் சாலை இருக்க, கடலில் துறைமுகம் மிதக்கவிட்டார்கள். நண்பனிடம் கதவைத் திறக்கச் சொல்லத் தயங்கியவர், கூரையைப் பிரித்துச் சோறு போட முயன்ற கதை அது.

பதினொரு வாரம்

2025 ஜனவரி 19இல் தொடங்கிய போர்நிறுத்தத்தின்போது நிலைமை சற்றுத் தெளிந்தது. ஆறு வாரம் லாரிகள் பெருமளவில் சென்றன. மார்ச் 2 அன்று இஸ்ரேல் எல்லாச் சரக்குகளையும் நிறுத்தியது. மார்ச் 18இல் போர் மீண்டது. மாத இறுதியில் உலக உணவுத் திட்டத்தின் உதவியால் இயங்கிவந்த 25 பேக்கரிகளும் மூடப்பட்டன; ஏப்ரல் 25 அன்று தன் கிடங்குகளில் உணவு தீர்ந்துவிட்டதாக அத்திட்டம் அறிவித்தது. மே 19 வரை, பதினொரு வாரம், மாவோ மருந்தோ எதுவும் உள்ளே போகவில்லை.

பஞ்சம் என்ற சொல்லை நாம் தாராளமாகப் புழங்குகிறோம். உணவுப் பாதுகாப்பு நிபுணர்களுக்கு அது அளந்து சொல்லும் சொல். 2004இல் சோமாலியாவுக்காக உருவாக்கப்பட்டு இன்று உலகெங்கும் பயன்படும் ஐந்து படிநிலை முறையில், பஞ்சம் ஐந்தாம் படி. ஒரு பகுதியில் ஐந்தில் ஒரு குடும்பமாவது உணவு அறவே இல்லாத நிலையில் இருக்க வேண்டும். குழந்தைகளிடையே கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு வரம்பைத் தாண்ட வேண்டும். பட்டினியாலும் அதையொட்டிய நோயாலும் பத்தாயிரம் பேருக்கு இருவர் வீதம் நாள்தோறும் இறக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் பஞ்சம் என்பார்கள். இந்த இறுக்கம் காரணமாக, அறிவிப்பு வரும்போது பலர் இறந்து முடிந்திருப்பார்கள்.

குழந்தையின் நிலையை அளக்கும் கருவி ஒரு சாதாரண நாடா. மேற்கையின் நடுவே சுற்றிப் பார்க்கிறார்கள். 125 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் குறைபாடு. 115க்குக் கீழே போனால் உயிருக்கு ஆபத்து. நாடாவில் பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறம் இட்டிருப்பார்கள். 115 மில்லிமீட்டர் என்பதை ஒரு நூலில் அளந்து வட்டமாக்கிப் பார்த்தேன். என் இரு விரல் நுழைந்தால் அதிகம். அந்தச் சிவப்பில் உள்ள குழந்தைக்குச் சாதாரணச் சோறு பயன்படாது. வேர்க்கடலையும் பால்பொடியும் சர்க்கரையும் எண்ணெயும் சத்துகளும் கலந்த பசை, 92 கிராம் பொட்டலத்தில், வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். தண்ணீர் சேர்க்க வேண்டியதில்லை, சமைக்க வேண்டியதில்லை என்பதால் போர்க்களங்களில் அதற்கு மாற்று இல்லை. இடையில் வரத்து நின்றால் குழந்தை மறுபடி சிவப்புக்குப் போய்விடும்.

2025 ஆகஸ்ட் 22 அன்று காஸா நகரை உள்ளடக்கிய மாவட்டத்தில் பஞ்சம் நிலவுவது உறுதிசெய்யப்பட்டது. மத்தியக் கிழக்கில் இந்த முறையின்கீழ் உறுதியான முதல் பஞ்சம் அது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த ஐந்தாம் படியில் இருந்தார்கள். ஆய்வு தவறு, தரவுகள் சாய்வானவை என்று இஸ்ரேல் மறுத்தது. வறட்சியும் வெள்ளமும் வெட்டுக்கிளியும் இல்லாமல், எல்லைக்கு அப்பால் கிடங்குகளில் உணவு அடுக்கியிருக்கும்போதே வந்த பஞ்சம் இது.

அந்தக் காலத்தில் ஐ.நா.வின் விநியோக முறைக்கு மாற்றாக, அமெரிக்கா, இஸ்ரேல் ஆதரவுடன் ‘காஸா மனிதநேய அறக்கட்டளை’ என்ற அமைப்பு மே இறுதியில் இறங்கியது. ஐ.நா. அமைப்புகள் ஏறத்தாழ 400 இடங்களில் கொடுத்துவந்ததை இது நான்கு இடங்களில் கொடுத்தது. அவற்றில் பெரும்பாலானவை தெற்குக் கோடியில், ராணுவக் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில். உணவு மக்களைத் தேடிப் போவதற்குப் பதில் மக்கள் துப்பாக்கிகளைக் கடந்து உணவைத் தேடிப் போனார்கள். நடக்க முடிந்த இளைஞர் மூட்டையைத் தூக்கினார்; கைம்பெண்ணும் முதியவரும் காலிழந்தவரும் என்ன செய்வது? மே 27 முதல் ஜூலை இறுதி வரை உணவு தேடிச் சென்றவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாகவும், அவர்களில் பெரும்பாலோர் இந்த மையங்களின் சுற்றுப்புறத்தில் இறந்ததாகவும் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் பதிவுசெய்தது. எச்சரிக்கைக்காகவே சுட்டதாக இஸ்ரேல் ராணுவம் கூறியது. தங்கள் மையங்களில் அவ்வாறு நடக்கவில்லை என்று அறக்கட்டளை மறுத்தது. நவம்பரில் அந்த அமைப்பு தன் பணியை முடித்துக்கொண்டது.

முடியும் என்பதற்கும் சான்று உண்டு

இதையெல்லாம் படித்துச் சோர்ந்திருந்தபோது எனக்குத் தெம்பளித்தது போலியோ சொட்டு மருந்துக் கதை. 2024 ஜூனில் டெய்ர் அல்-பலாஹ், கான் யூனிஸ் கழிவுநீரில் எடுத்த மாதிரிகளில் போலியோ வைரஸ் தென்பட்டது. ஆகஸ்டில் பத்து மாதக் குழந்தை ஒன்று முடங்கியது. இருபத்தைந்து ஆண்டுகளில் காஸாவின் முதல் போலியோ நோயாளி. பத்து வயதுக்குட்பட்ட 6,40,000 குழந்தைகளுக்கு மருந்து கொடுக்க வேண்டும். மருந்தைக் குளிர்ச்சியாகவே வைத்திருக்க வேண்டும்; மின்சாரம் இல்லை. வீடுகள் இல்லை, ஆகவே முகவரிகளும் இல்லை.

செப்டம்பர் 1இல் தொடங்கிப் பன்னிரண்டு நாளில் ஏறத்தாழ 5,60,000 குழந்தைகளுக்குக் கொடுத்து முடித்தார்கள். பகுதி பகுதியாக, பகலில் சில மணி நேரம் குண்டுவீச்சை நிறுத்த இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள். அவர்களில் பலரும் கூடாரங்களில் வாழ்ந்த அகதிகள். மருந்து பெற்ற குழந்தையின் விரலில் மை வைத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்ததும், நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு நினைவுக்கு வந்தன. அனுமதியும் அமைதியும் ஒரு சில மணி நேரம் கிடைத்தால், இடிபாடுகளின் நடுவிலும் அந்தப் பணியாளர்களால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. அதே போரில், அதே ஊரில், அதே எல்லையில் மருந்துக்குத் திறந்த வழி மாவுக்கு ஏன் திறக்கவில்லை?

அந்தப் பணியாளர்களில் கணிசமானோர் பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. நிவாரண முகமையைச் சேர்ந்தவர்கள். 1949 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தால் உருவாகி, 1950 மே முதல் இயங்கும் அமைப்பு இது. காஸாவில் மட்டும் சுமார் 13,000 ஊழியர்கள். போருக்கு முன் ஏறத்தாழ மூன்று லட்சம் பிள்ளைகள் அதன் பள்ளிகளில் படித்தார்கள். 2023 அக்டோபர் தாக்குதலில் அதன் ஊழியர்கள் பன்னிருவர் பங்கேற்றதாக 2024 ஜனவரியில் இஸ்ரேல் குற்றஞ்சாட்டியது. ஐ.நா.வின் உள் விசாரணை, ஒன்பது பேர் தொடர்புபட்டிருக்கக்கூடும் என்று கண்டது; அவர்கள் நீக்கப்பட்டார்கள். இது சிறிய விஷயமன்று, மறைக்கவும் கூடாது. ஆனால் பதின்மூன்றாயிரத்தில் ஒன்பது பேருக்காகப் பல நாடுகள் நிதியை நிறுத்தின. பெரும்பாலானவை பின்னர் திரும்பின, அமெரிக்கா திரும்பவில்லை. 2024 அக்டோபரில் இஸ்ரேல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் அந்த முகமையுடன் அரசு தொடர்பு வைப்பதையே தடைசெய்தன. போரில் அதன் ஊழியர்கள் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்துள்ளனர். இந்தியா ஆண்டுக்கு 50 லட்சம் டாலரை இந்த முகமைக்கு வழங்கிவருகிறது. அந்தத் தொகை பெரிதில்லை என்றாலும், மற்றவர்கள் நிறுத்தியபோது நாம் நிறுத்தவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று என் நண்பர் கேட்பார். 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கையில் இரண்டு விதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். விதி 23, எதிரியின் கைக்கு உதவி போய்விடும் என்று அஞ்சத் தக்க காரணம் இருந்தால் நிபந்தனை விதிக்க இடம் தருகிறது. விதி 59 ஆக்கிரமிப்பில் உள்ள பகுதிக்கு உரியது. மக்களுக்குப் போதுமான உணவு இல்லையெனில் ஆக்கிரமித்துள்ள அரசு நிவாரணத் திட்டங்களுக்கு ஒப்புக்கொண்டே ஆகவேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. 2005இலேயே தன் படைகளையும் குடியேற்றங்களையும் காஸாவிலிருந்து விலக்கிக்கொண்டதால் இரண்டாவது விதி தனக்குப் பொருந்தாது என்பது இஸ்ரேலின் நிலை. சர்வதேச நீதிமன்றம் 2025 அக்டோபர் 22 அன்று தந்த ஆலோசனைக் கருத்தில், ஐ.நா. அமைப்புகள் வழங்கும் நிவாரணத்துக்கு ஒப்புக்கொண்டு அதற்கு வழிசெய்யும் கடமை இஸ்ரேலுக்கு உண்டு என்றது. அகதிகள் முகமையையும் அதில் சேர்த்தே சொன்னது. பட்டினியைப் போர்முறையாகக் கையாண்டது என்ற குற்றச்சாட்டையும் உள்ளடக்கி, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிரதமர் நெதன்யாகுவுக்கும் காலன்ட்டுக்கும் 2024 நவம்பரிலேயே பிடியாணை பிறப்பித்திருந்தது. ஹமாஸ் தளபதி முகமது தெய்ஃபுக்கும் அன்றே பிறப்பித்தது. பணயக்கைதிகளைச் செஞ்சிலுவைச் சங்கத்தினர் சந்திக்க ஹமாஸ் விடவில்லை. பாலஸ்தீனக் கைதிகளைச் சந்திக்க இஸ்ரேல் விடவில்லை. ஒரு தரப்பின் மீறல் மறுதரப்பின் கடமையைக் குறைப்பதில்லை என்பதே இந்தச் சட்டங்களின் அடித்தளம்.

2025 அக்டோபர் 10இல் போர்நிறுத்தம் வந்தபின் பஞ்சம் விலகியது. டிசம்பரில் வெளியான மதிப்பீடு, எந்தப் பகுதியும் ஐந்தாம் படியில் இல்லை என்றது. இது உண்மையான முன்னேற்றம். லாரிகள் செய்த வேலை. அதே மதிப்பீட்டில் 16 லட்சம் பேர் இன்னும் கடும் உணவு நெருக்கடியில் இருந்தார்கள். சந்தைக்கு வணிகச் சரக்கு வருகிறது. வாங்கக் கையில் பணம் இல்லை. வங்கிகள் இயங்காமல் ரொக்கம் அருகிப்போய், சொந்தக் கணக்கில் உள்ள பணத்தை எடுத்துக்கொடுக்கத் தரகர்கள் 40 விழுக்காடு வரை பிடித்துக்கொண்ட நாள்கள் உண்டு. என் வங்கி நண்பரை வேறெதையும்விட அதிகம் கலக்கியது இந்தச் செய்திதான். டிசம்பரில் வந்த புயல்மழையில் கூடாரங்கள் மூழ்கின. குளிரில் கைக்குழந்தைகள் இறந்தன. மேற்குக் கரையில் ஜெனின், துல்கரம், நூர் ஷம்ஸ் முகாம்களிலிருந்து 2025 தொடக்கத்தில் வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 40,000 பேரைப் பற்றி நம் செய்திகளில் அவ்வளவாகப் பேச்சே இல்லை.

நண்பரிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவர் வேறொன்று கேட்டார்: “உள்ள போறதையே பேசறீங்களே. வெளிய வர வேண்டியவங்க?” நான் தவறவிட்ட பக்கம் அது. சிறுநீரக நோயாளிகள், புற்றுநோயாளிகள், கையோ காலோ இழந்த சிறுவர்கள் என, காஸாவில் கிடைக்காத சிகிச்சைக்காக வெளிநாடு செல்ல 2025 இறுதியில் 16,000க்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்துக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு லாரி தேவையில்லை. ஓர் ஆம்புலன்ஸ், அதில் உடன்வரத் தாய்க்கோ தந்தைக்கோ அனுமதி, ஏற்றுக்கொள்ள ஒரு நாட்டின் மருத்துவமனை, எல்லையில் ஒரு கையெழுத்து. அந்தப் பட்டியலில் இருந்தபடியே, 2024 ஜூலையிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.